குழாயடியில் கால் கழுவக் கூடாது

1

கூடாரம் அடிக்க இடம் பார்ப்பதற்கு முன்பே நான் பலகையைத் தேடித்தான் போனேன். எந்த இடத்துக்குப் போனாலும் அங்கே என்னென்ன கூடாது என்று எழுதியிருப்பதை முதலில் படித்துவிட வேண்டும். இங்கிலாந்துக்கு வந்த பிறகு என்னைப் பிடித்துக்கொண்ட பழக்கம் இது. என் மனைவி மைமூன் இதைப் பார்த்துச் சிரிப்பாள். பிறகு அவளே பக்கத்தில் வந்து, என்ன எழுதியிருக்கிறது என்று மெதுவாகக் கேட்பாள்.

போன கோடையில் நடந்ததைத்தான் எழுதுகிறேன். நான் வேலை பார்க்கும் தோல் தொழிற்சாலைக்கு வருஷாந்தர விடுமுறை விட்டிருந்தார்கள். வழக்கமாக அந்த நாட்களில் நாங்கள் வீட்டைவிட்டு நகர மாட்டோம். இந்த முறை மகள் பிடிவாதம் பிடித்தாள். அவள் பெயர் ஷமீமா, வீட்டில் மீமா. பள்ளிக்கூடத்தில் ஷாமி ஆகிவிட்டாள். வகுப்பில் எல்லாரும் கூடாரம் போட்டுத் தங்கப் போகிறார்களாம். நாம் மட்டும் ஏன் போவதில்லை என்று ஒரு மாதமாக ஆங்கிலத்தில் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் தமிழில் சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசியில் உடன் வேலை பார்க்கும் ஒருவரிடம் கூடாரத்தை இரவல் வாங்கிக்கொண்டு, மலைகளுக்கு நடுவே இருந்த ஓர் ஏரிக்கரைக்குப் போனோம்.

பலகையில் எழுதியிருந்தவை இவை: தரையில் தீ மூட்டக் கூடாது. நாயைக் கட்டி வைக்க வேண்டும். இருட்டிய பிறகு ரேடியோ கூடாது. குடிநீர்க் குழாயடியில் பாத்திரம், துணி, கை, கால் எதுவும் கழுவக் கூடாது. மீறுகிறவர்கள் வெளியேற்றப்படுவார்கள்.

கடைசி வரியைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். நாங்கள் பிரஜா உரிமைக்கு மனுப் போட்டிருந்த சமயம் அது. ஐந்து வருஷம் ஒழுங்காக இருந்தோம் என்று காட்ட வேண்டும், நல்ல நடத்தை உள்ளவர் என்று இரண்டு பேர் எழுதித் தர வேண்டும். எல்லாம் அனுப்பியாகிவிட்டது. பதில் வரவில்லை. ஒரு முறை எழுதிக் கேட்டதற்கு, கேட்டதால் இன்னும் தாமதம் ஆகும் என்பதுபோல் ஒரு பதில் வந்தது. எங்களைப் போன்றவர்களை ஊருக்குத் திருப்பி அனுப்ப வேண்டும் என்று பேசுகிறவர்கள் பெருகியிருந்த நேரமும்கூட. கூடாரம் போட்ட இடத்திலிருந்து துரத்திவிட்டார்கள் என்று ஒரு வரி எங்கோ போய்ச் சேர்ந்தால் என்ன ஆகும்? அப்படியெல்லாம் போய்ச் சேராது என்று இப்போது தெரிகிறது. அன்றைக்குத் தெரியவில்லை.

மற்றவர்கள் பலகையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒருவர் தன் நாயைக் குழாயடிக்கே கூட்டிவந்து குளிப்பாட்டினார். இரண்டு கூடாரம் தள்ளி, கல்லைக் கூட்டித் தீ மூட்டி இறைச்சி வாட்டினார்கள். ரேடியோ பாடியது. யாரும் யாரையும் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு மட்டும் ஒவ்வொன்றும் கண்ணில் பட்டு, ஒவ்வொன்றுக்கும் பக்கென்றது.

2

இதைப் படிக்கிற திண்டுக்கல்காரர்களில் வயதானவர்கள் சிலருக்குப் பழநி ரோட்டு முகாம் நினைவிருக்கலாம். ஐம்பதுகளின் நடுவில் அது. தைப்பூசத்துக்கு நடந்து போகிறவர்கள் தங்கிப் போவதற்காக ஊர் வியாபாரிகள் ஒரு கமிட்டி அமைத்தார்கள். ஒருவருடைய காலி மனையில் முள்ளை வெட்டி, கீற்றுப் பந்தல் போட்டு, நடுவில் குடிதண்ணீருக்காகச் செங்கல் தொட்டி ஒன்றும் கட்டினார்கள். என் தகப்பனாருக்கு நாகல் நகரில் தோல் குடோன் இருந்தது. அத்தாவும் அந்தக் கமிட்டியில் ஒருவர். நான் அப்போது இன்டர்மீடியட் முடித்துவிட்டு, மதராசில் தோல் பதனிடும் படிப்புக்கு இடம் கிடைக்குமா என்று வீட்டில் உட்கார்ந்திருந்தேன். சும்மாதானே இருக்கிறான் என்று தொட்டிக்குக் காவலாக என்னைப் போட்டுவிட்டார்கள்.

அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. சாமி கும்பிடப் போகிறவர்களின் தண்ணீருக்கு நம் வீட்டுப் பிள்ளை எதற்கு, நாளைக்கு ஏதாவது ஒன்று என்றால் நம் தலையில்தானே விழும் என்றார். அத்தா அதைக் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை.

அந்த வருஷம் நத்தம் ரோட்டில் ஒரு கிராமத்தில் காலரா என்று பேச்சு. முகாம் வாசலில் ஊசி போட்டுக்கொண்ட பிறகுதான் உள்ளே வர வேண்டும், பந்தலை விட்டுத் தள்ளித்தான் அடுப்பு மூட்ட வேண்டும், தொட்டிக்குள் கையோ காலோ பாத்திரமோ விடக் கூடாது, தண்ணீரை நான்தான் நீளக் காம்பு வைத்த தகரக் குவளையால் மொண்டு ஊற்ற வேண்டும் என்று கமிட்டி சட்டம் போட்டிருந்தது. பெரிய பலகையில் எழுதி வாசலில் நட்டும் வைத்தார்கள். வந்தவர்களில் முக்கால்வாசிப் பேருக்குப் படிக்கத் தெரியாது. படிக்கத் தெரிந்தவர்கள் அந்தப் பலகையில் ஈரத் துண்டைக் காயப்போட்டார்கள்.

ஊசி என்றதும் வேலியைத் தாண்டிக் குதித்து உள்ளே வந்தார்கள். பந்தலுக்கு அடியிலேயே அடுப்பு மூட்டினார்கள். ஊசி போட வந்த சுகாதார மேஸ்திரி முதலில் கத்திப் பார்த்தார், பிறகு வாசலிலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். தொட்டியை மட்டும் நான் விடவில்லை. அதற்குத் தைரியம் காரணமில்லை, பயம்தான் காரணம். அந்தத் தண்ணீரைக் குடித்து யாருக்காவது வயிற்றால் போனால் அது என் பெயரைச் சொல்லித்தான் போகும் என்பது நன்றாகத் தெரிந்திருந்தது.

3

ஏரிக்கரையில் தொழுகை நேரம் வந்தபோது உளுச் செய்வதற்குத் தண்ணீர் வேண்டும். கை, வாய், முகம், கடைசியில் கால் கழுவ வேண்டும். குழாயடியில் கூடாது என்று எழுதியிருக்கிறது. அதனால் ஒரு பிளாஸ்டிக் மக்கில் தண்ணீர் பிடித்துக்கொண்டு, கூடாரங்களைத் தாண்டி, கல் சுவர் ஓரமாகப் போய், யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு கழுவினேன். அப்படிப் பதுங்கிப் பதுங்கிப் போனதாலேயே எல்லாரும் பார்த்திருக்கிறார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது.

மீமா அதைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளுக்குப் பக்கத்துக் கூடாரத்தில் லின்டா என்று ஒரு சிநேகிதி கிடைத்திருந்தாள். காலையில் போனால் இரண்டு பேரும் ஏரிச் சேற்றில் புரண்டு, பசித்தால்தான் திரும்புவார்கள். மைமூன் சோறும் கத்தரிக்காய் வெஞ்சனமும் செய்து வைத்தாள். மீமா அதைத் தொடவில்லை. லின்டா வீட்டில் ரொட்டியும் பீன்ஸும் சாப்பிட்டுவிட்டதாகச் சொன்னாள். அதை ஆங்கிலத்தில்தான் சொன்னாள். இரண்டு வருஷம் முன்பு வரைக்கும் நாங்கள் தமிழில் கேட்டால் தமிழில் பதில் சொல்வாள். எந்த நாளில் அது மாறியது என்று மைமூன் என்னைக் கேட்டாள். பல் விழுந்த நாள் நினைவிருக்கிறது, முதல்முறை சைக்கிள் ஓட்டிய நாள் நினைவிருக்கிறது. இது எங்களுக்குத் தெரியாமலே நடந்துவிட்டது.

4

தொட்டிக்கு மூன்றாம் நாள் சோதனை வந்தது. நத்தம் பக்கத்திலிருந்து ஒரு கூட்டம் மத்தியானம் வந்து சேர்ந்தது. கூட்டத்துக்குத் தலைவர் காத்தமுத்து என்று ஒரு விவசாயி. ஆள் பனைமரம் மாதிரி இருப்பார். அவருடைய தங்கை வீராயியும் உடன் வந்திருந்தார். அந்த அம்மாவின் உள்ளங்கால் இரண்டும் கொப்புளம் கிளம்பி, உடைந்து, தோல் உரிந்திருந்தது. தை மாதம்தான் என்றாலும் அந்த நேரத்து ரோடு காலைச் சுட்டுவிடும்.

நான் ஒரு பிள்ளைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது, வீராயி தொட்டிச் சுவரில் ஏறி உட்கார்ந்து, இரண்டு காலையும் தண்ணீருக்குள் விட்டுவிட்டார். கண்ணை மூடிக்கொண்டார். அப்படியே தூங்கிவிடுவாரோ என்று தோன்றியது. கையைப் பிடித்து இறக்கவும் முடியாது. காலை எடுங்கள் என்று கத்தினேன்.

அந்தச் சத்தத்துக்குக் கூட்டம் கூடிவிட்டது. காத்தமுத்து வந்து என் முன்னால் நின்றார்.

"எந் தங்கச்சிய அதட்டுறதுக்கு நீ யாருடா?"

நான் யார் என்று பின்னாலிருந்து ஒருவர் சொன்னார். நாகல் நகர் ராவுத்தர் மகன் என்று சொன்னார். அதற்குப் பிறகு பேச்சு மாறியது. சாமிக்கு நடந்து வந்த காலைத் தீட்டு என்கிறானே என்று ஒரு குரல். அப்படி நான் சொல்லவேயில்லை. ஆனால் அந்த வார்த்தை பந்தல் முழுக்கப் போய்விட்டது. சுகாதார மேஸ்திரி போலீசைக் கூட்டிவருகிறேன் என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போனவர் போனவர்தான். நான் அந்தச் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்தினேன்.

"தீட்டுன்னு நான் சொல்லலைங்க. ரோட்டுல வாந்தி பேதி இருக்கு. கால் பட்ட தண்ணிய இம்புட்டுப் பேரும் குடிச்சா என்னாகும்? ஒங்க பிள்ளைகளும்தானே குடிக்கும்?"

சொல்லிவிட்டு, தொட்டிக்குக் கீழே போய், தண்ணீர் வெளியேறும் துளையை அடைத்திருந்த மரத் தக்கையைப் பிடுங்கிவிட்டேன்.

திண்டுக்கல்லில் தண்ணீரைக் கீழே விடுவது என்றால் என்னவென்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மாட்டு வண்டியில் பீப்பாய் பீப்பாயாகக் கொண்டுவந்து, காலையில்தான் நிரப்பியிருந்தோம். நிறைதொட்டி. அவ்வளவும் கொட்டியது. கூச்சல் போட்டவர்கள் எல்லாரும் அந்தத் தண்ணீரையே பார்த்தார்கள். ஓர் ஆள் என்னை அடிக்கத்தான் வந்தான் என்று நினைக்கிறேன். பாதி வழியில் அவனும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டான்.

வீராயிதான் முதலில் சுவரிலிருந்து இறங்கினார். ஓடிவந்த தண்ணீரில் போய்க் காலை வைத்து நின்றார். அதைப் பார்த்து இன்னொருவர் வந்தார். பிறகு எல்லாரும் வந்துவிட்டார்கள். மண்ணில் பரவிய அந்தத் தண்ணீர் வற்றும்வரை, நடந்து நடந்து புண்ணான கால்கள் எல்லாம் அதில் நின்றன. சேறாகிப் போன பிறகும் சேற்றிலேயே நின்றார்கள்.

காத்தமுத்து மட்டும் நிற்கவில்லை. அடுத்த வண்டி எப்போது வரும் என்று என்னைக் கேட்டார். தெரியாது என்றேன். பொய் சொல்லியிருக்கலாம், தோன்றவில்லை. அவர் தொட்டி ஓரமாக உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன். பிள்ளைகள் தண்ணீர் கேட்டு அழ ஆரம்பித்தார்கள். அந்த அழுகையைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த நேரம்போல் என் வாழ்க்கையில் இன்னொன்று வந்ததில்லை. வண்டி வராவிட்டால் என்னை என்ன செய்வார்கள் என்றுகூட அப்போது யோசிக்கவில்லை. ஒரு பிள்ளை மயங்கி விழுந்துவிடக் கூடாதே என்றுதான் இருந்தது.

சேதி கேள்விப்பட்டு அத்தா வண்டியோடு வந்தார். வழக்கமாக நீர் எடுக்கும் கிணறு ஊறவில்லையாம். பள்ளிவாசல் கிணற்றில் இறைத்துக்கொண்டு வந்திருந்தார். அதை அவர் மறைக்கவில்லை. எங்கே எடுத்த தண்ணீர் என்று வண்டியிலிருந்து இறங்கும்போதே சொல்லிவிட்டார். நான் காத்தமுத்துவைப் பார்த்தேன்.

காத்தமுத்து எழுந்து போய்ப் பீப்பாயைப் பார்த்தார்.

"ராவுத்தரே, கால் படாத தண்ணிதானே?"

அத்தா தலையாட்டினார். காத்தமுத்து முதலில் பிள்ளைகளுக்கு ஊற்றச் சொன்னார். பிறகு தானும் குடித்தார். அந்தக் கூட்டத்தில் சிலர் குடிக்கவில்லை, தள்ளிப்போய் உட்கார்ந்து வேறு கிணற்றுத் தண்ணீருக்குக் காத்திருந்தார்கள். அதையும் சொல்லத்தான் வேண்டும். அன்று சாயங்காலமே வேறொருவர் புதுத் தண்ணீரில் செம்பை விட்டு மொண்டதையும் சொல்ல வேண்டும். காத்தமுத்துதான் அவரைச் சத்தம் போட்டார். நத்தம் கூட்டம் மறுநாள் கிளம்பிப் போகும்வரை தொட்டிக்கு அவரும் ஒரு காவல்.

முகாமில் யாருக்கும் காலரா வரவில்லை. நான் தக்கையைப் பிடுங்கியதால்தானா, எப்படியும் வந்திருக்காதா, யாருக்குத் தெரியும். அம்மா மட்டும் பூசம் முடிகிற வரைக்கும் என்னோடு சரியாகப் பேசவில்லை.

5

ஏரிக்கரையில் நான்காம் நாள், சாப்பிட்டு முடித்த நேரம், முகாமைப் பார்த்துக்கொள்ளும் வார்டன் எங்கள் கூடாரத்துக்கு வந்தார். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர். மரியாதையாகத்தான் பேசினார். குடிநீர்க் குழாயில் கால் கழுவுகிறார்கள் என்று புகார் வந்திருக்கிறதாம், குழாயடி எல்லாம் சேறாம். இங்கே இருப்பவர்களில் கால் கழுவும் வழக்கம் உங்களுக்குத்தான் உண்டு என்று கேள்விப்பட்டேன் என்றார். என் பெயரையும் கார் எண்ணையும் கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொண்டார்.

பெயரைக் கேட்டதும் எனக்கு மனுதான் ஞாபகத்துக்கு வந்தது. சாரி என்றேன். நான் குழாயில் கால் வைக்கவேயில்லை என்று சொல்லப் போய், என் லெக்கை அதில் வைக்கவில்லை என்று சொல்லிவிட்டேன். நமக்கு முழுதும் கால்தான். அவர்களுக்கு லெக் வேறு, ஃபுட் வேறு. இத்தனை வருஷம் ஆகியும் பதற்றம் வந்தால் ஃபுட் எனக்கு வராது. அவர் குனிந்து என் தொடையைப் பார்த்தார். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. மறுபடியும் சாரி என்றேன். மக்கைக் கொண்டுவந்து காட்டினேன். அதைப் பார்த்த பிறகு அவருக்கு என்மேல் சந்தேகம் கூடியதே தவிரக் குறையவில்லை. இனிமேல் நடக்காது, சாரி, என்றேன். அப்படிச் சொல்லிவிட்டால் செய்ததாக ஒப்புக்கொண்டதுதான் என்பது சொன்ன பிறகுதான் உறைத்தது.

மீமா கூடாரத்துக்குள் இருந்து வெளியே வந்தாள். முழங்கால்வரை காய்ந்த சேறு. ஆங்கிலத்தில், ஒரு மூச்சில் சொன்னாள்: குழாயில் கால் கழுவியது நானும் லின்டாவும்தான், தினமும் இரண்டு தடவை கழுவினோம், என் தகப்பனார் இல்லை, அவர் சுவரோரமாகத்தான் கழுவுவார், அவர் பலகையைப் படிக்கிறவர்.

வார்டன் அவளைப் பார்த்தார். சேற்றையும் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். நீங்கள் இரண்டு பேர்தானா, இனி ஏரியிலேயே கழுவிக்கொண்டு வாருங்கள் என்று அவள் தலையைத் தட்டினார். என் பக்கம் திரும்பி, பிள்ளைகள் என்றால் இப்படித்தான், மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்றார். எழுதிய தாளைக் கசக்கிப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

நான் அந்த இடத்திலேயே நின்றேன். நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். ஆனால் அவர் சிரித்த சிரிப்பு உறுத்தியது. அதே கால், அதே குழாய். நான் கழுவியதாக நினைத்தவரை அது புகார். அவளும் லின்டாவும் என்று ஆனதும் அது விளையாட்டு. மகள் உண்மையைச் சொன்னாள் என்று பெருமைப்படுவதா, விதியை மீறினாள் என்று கண்டிப்பதா, அவளைப் பார்த்து இந்த ஊர்க்காரர் சிரிக்கிறார் என்று சந்தோஷப்படுவதா? மூன்றில் ஒன்றைக்கூட என்னால் செய்ய முடியவில்லை. போய் உட்காரம்மா என்று மட்டும் சொன்னேன்.

6

இன்னும் இரண்டு நாள் தங்கலாம் என்று பணம் கட்டியிருந்தோம். மறுநாள் காலையிலேயே மைமூன் பாத்திரங்களைக் கட்ட ஆரம்பித்துவிட்டாள். நானும் எதுவும் கேட்காமல் கூடார முளைகளைப் பிடுங்கினேன். லின்டாவின் தாய் வந்து ஏன் சீக்கிரம் போகிறீர்கள் என்று கேட்டார். தொழிற்சாலையில் அவசரமாகக் கூப்பிடுகிறார்கள் என்று வாயில் வந்ததைச் சொன்னேன். அவர்கள் நல்லவர்கள்தான். வழியில் சாப்பிடக் கேக் கட்டிக் கொடுத்தார்கள். புகார் சொன்னது அவர்களா, வேறு யாராவதா என்று நான் விசாரிக்கவில்லை.

மலையிலிருந்து இறங்கும் ரோடு குறுகலானது. எதிரே வண்டி வந்தால் ஒதுங்கி நிற்க வேண்டும். அப்படி ஓர் இடத்தில் ஒதுங்கி நின்றபோது, முன்சீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மீமா பேசினாள். தமிழில்தான் பேசினாள். ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துப் பேசினாள்.

"அத்தா, நீங்க அந்த ஆளுகிட்ட ஏன் சாரி சொன்னீங்க? நீங்கதான் ஒண்ணும் பண்ணலையே."

எதிரே வந்த வண்டி கடந்து போனது. ஓட்டியவர் கையை உயர்த்தினார், நானும் உயர்த்தினேன்.

"அது சும்மா சொல்றதும்மா. சொன்னாப் போயிருவாங்க."

அவள் என் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"போகலையே. நான் சொன்னதுக்கப்புறம்தானே போனாங்க."

நான் காரைக் கிளப்பவில்லை. பின்னால் வந்து நின்ற வண்டிக்காரர் ஹாரன் அடிக்காமல் காத்திருந்தார். இந்த நாட்டில் அப்படித்தான் காத்திருப்பார்கள். பின்சீட்டில் உட்கார்ந்திருந்த மைமூன் முன்னால் சாய்ந்து மகளின் தோளில் கையை வைத்தாள்.

"அவ கேக்குறதுக்குப் பதில் சொல்லுங்க" என்றாள் என்னிடம். "நானும் தெரிஞ்சுக்கிறேன்."